மழையில்லாத நாளில் நனைந்த குடை

குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாசி மாதம். பத்திரிகை அலுவலகத்தில் மாலைப் பணி தொடங்கியிருந்தது. யுத்த காலம் என்பதால் ஜன்னல் கண்ணாடிகளில் வெளிச்சம் வெளியே தெரியாதபடி கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். வெளியே பொழுது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று உள்ளிருந்து சொல்ல முடியாது.

கல்யாணராமன் உள்ளே வந்து, குடையை மேஜை விளிம்பில் மாட்டிவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். என்னைப் போல அவனும் உதவி ஆசிரியன். மயிலாப்பூர்க்காரன். வெயிலோ நிலவோ, குடையில்லாமல் வெளியே கிளம்பாதவன். கறுப்புக் குடை, ஓரிடத்தில் கிழிந்து, அங்கே பழுப்புத் துணியால் ஒட்டுப் போட்டிருக்கும். அச்சுக்கூடத்தில் அவனுக்குப் பெயரே குடைக் கல்யாணம்.

மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வேலை செய்வது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். தந்தியில் வந்த ஏதோ ஒரு செய்தியைத் திருத்திக்கொண்டே காலை நீட்டினேன். பாதம் தண்ணீரில் பட்டது. சில்லென்று இருந்தது.

தலைமை உதவி ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா கல்யாணம், எந்த ஊர்லேர்ந்து வரே? இங்க மழையைப் பாத்து மாசக்கணக்காச்சு."

"இவன் தெருவுலேர்ந்துதான் சார்" என்று என்னைக் காட்டினான். "சேர்ந்து வரலாமேன்னு போனேன். இவன் முன்னாடியே கிளம்பிட்டான். அங்க மழை."

நான் தியாகராய நகரிலிருந்து கிளம்பி அதிக நேரம் ஆகவில்லை. தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

"ரோட்டுக்குத் தண்ணி அடிக்கிற நகரசபை லாரி வந்திருக்கும்" என்றேன்.

கல்யாணராமன் குடையை இன்னொருவருடைய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "இருக்கும்" என்றான்.

யாரோ ஒரு பழைய தாளைப் போட்டுத் தரையைத் துடைத்தார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நனையாத பயணிகள்

யுத்த காலத் தணிக்கையைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு, அடையாற்றிலிருந்து ஒரு வாசகர் வீட்டுக்கே வந்தார். போகும்போது வாசலில் நின்று, "டி.வி.யில வர்ற காலப்பயணத் தொடரெல்லாம் பார்ப்பீங்களா?" என்று கேட்டார்.

பார்க்கிறேன். வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஒரு பெட்டி, நீல வெளிச்சம், ஒரு சுழற்சி. கதாநாயகன் பழைய நூற்றாண்டிலோ வரப்போகும் நூற்றாண்டிலோ போய் இறங்குவான். எதையும் தொடாதே, தொட்டால் எல்லாம் மாறிவிடும் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். அவன் தொடுவான். தொடாவிட்டால் அடுத்த வாரத்துக்குக் கதை இல்லை.

என் மருமகள் அறிவியல் ஆசிரியை. "இதெல்லாம் நடக்காது மாமா" என்று சொல்லிக்கொண்டே விளம்பர இடைவேளையில்கூட எழுந்திருக்க மாட்டாள்.

எனக்கு அந்தத் தொடர்களில் இரண்டு குறைகள் உண்டு. பயணம் போகிறவனுக்குத் தான் பயணம் போகிறோம் என்று தெரிந்திருக்கிறது. இன்னொன்று, போய்விட்டு வருகிறவன் ஒருநாளும் நனைந்து வருவதில்லை.

இந்தக் கணக்கை எங்கிருந்து கற்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பார்க்கில் ஒரு குரல்

அப்போது வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு நகரசபை பார்க்குகளில் ஒலிபெருக்கி வைத்திருந்தது. பனகல் பார்க்கில் மாலையானால் கூட்டம் கூடும். செய்தி, கச்சேரி, நாடகம் எல்லாவற்றையும் புல்லில் உட்கார்ந்தே கேட்டோம்.

அந்த வருஷம்தான் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போடப்போகிறான் என்று பேச்சு. ரங்கூனிலிருந்து வந்த செய்திகளை நாங்கள் பாதி அச்சிட்டோம். மீதியை அச்சிட விடவில்லை.

கல்யாணராமன் வானொலிக்கு நாடகம் எழுதுவான். பங்குனியில் வாரம் ஒருமுறையாக அவனுடைய தொடர் நாடகம் ஒன்று வந்தது. கணக்கு வாத்தியார் ஒருவர் மாலையில் சாய்வு நாற்காலியில் கண்ணயர்கிறார். எழுந்திருக்கும்போது பல வருஷம் தாண்டியிருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மனைவியிடம் சொல்கிறார். வாராவாரம் இதுதான்.

சிக்கல் தணிக்கையில் வந்தது. வரப்போகும் காலத்தில் ஊர் இருக்கிறது என்றால், குண்டு விழவில்லை என்று ஆகும், ஜனங்கள் அலட்சியமாகிவிடுவார்கள். இல்லை என்றால் பீதி. யுத்தம் முடிந்தது என்றால், யார் ஜெயித்தது என்ற கேள்வி வரும். ஆகவே தணிக்கைக்காரர் மனைவியின் கேள்விகளை விட்டுவிட்டு, வாத்தியாரின் பதில்களை மட்டும் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

அடித்த இடத்தில் வேறு வசனம் சேர்க்கக் கூடாது. நாடகத்தின் நேரமும் குறையக் கூடாது. எல்லாம் நேரடி ஒலிபரப்பு. நிலையத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் நடிகர் சும்மா நிற்பார். ரேடியோ பழுது என்று ஜனங்கள் நினைத்துவிடாமல் இருக்க, ஒலிவாங்கி முன்னால் ஓர் அலாரம் கடிகாரத்தை வைத்துவிடுவார்கள்.

"நம் ஊர் எப்படி இருக்கிறது? சொல்லுங்களேன்!" என்று மனைவி கேட்பாள்.

டிக், டிக், டிக்.

பார்க் முழுவதும் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். முதல் வாரம் சிரித்தார்கள். சுண்டல் விற்கிற கன்னியப்பன், "இன்னா நைனா, வாத்யாரு வாயில கொயக்கட்டையா?" என்றான். பக்கத்திலிருந்த ஒருவர், "இல்லப்பா, எதிர்காலம் ஓடிக்கினு கீது" என்றார். இரண்டாம் வாரம் யாரும் சிரிக்கவில்லை. குழந்தைகளை வாய் பொத்தி உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் அந்த இடைவெளிக்குள் தன் வீட்டைப் பற்றி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

ஊரில் அதற்குக் கடிகார நாடகம் என்று பெயர் விழுந்தது.

எதிர்வீட்டு சாரதா

நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்கு எதிரே சாரதா அக்காவின் வீடு. கணவர் நடேசன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. ரங்கூன் விழுந்த பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்து வருகிறார்கள், வழியெல்லாம் காய்ச்சல் என்பது மட்டும் தெரியும்.

தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு ஏறிக்கொண்டிருந்தது. சாரதா அக்காவின் அண்ணன் மாணிக்கம் கும்பகோணத்திலிருந்து வந்து, தங்கையை அழைத்துப்போக நின்றார்.

அவளுடைய கணக்கு எளிமையானது. கும்பகோணம் போனால் உயிர் பத்திரம். ஆனால் நடேசனுக்குத் தெரிந்த முகவரி இந்த வீடு ஒன்றுதான். அண்ணனும் அந்த வருஷம்தான் வேறு தெருவுக்குக் குடிபோயிருந்தார். நடந்தே வருகிற மனிதன் பூட்டிய கதவைப் பார்த்தால் எங்கே போவான்?

"வெள்ளிக்கிழமை நாடகம் முடியுதுண்ணா. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? ரேடியோவுல ஜோசியமா சொல்றான்?"

"நம்பறேன்னு நான் சொன்னேனா? கேட்டுட்டுச் சொல்றேன்னுதானே சொன்னேன்."

கடைசி வாரம்

கடைசி வாரம் பார்க்கில் கூட்டம் குறைவு. பாதி ஊர் ரயிலேறிவிட்டது. சாரதா அக்கா இட்லிப்பூச் செடி வேலியோரம் தனியாக நின்றாள்.

வாத்தியார் கண் விழித்தார். மனைவி கேட்டாள்: "நம் தெருவுக்குப் போனீர்களா? அங்கே யாரைப் பார்த்தீர்கள்?"

கடிகாரம் ஓடியது. மரத்தில் அடைய வந்த காக்கைகள்கூட அப்போது சத்தம் போடவில்லை. அல்லது எனக்குக் கேட்கவில்லை. பிறகு தம்புரா ஒலித்தது, நாடகம் முடிந்தது.

வீடு திரும்பும்போது சாரதா அக்கா சற்று முன்னால் நடந்தாள். தெருமுனையில் நின்று திரும்பினாள்.

"கேட்டீங்களா தம்பி, வாத்தியார் சொன்னதை?"

"கடிகாரம்தான் கேட்டுது அக்கா."

"இல்லையே. சொன்னாரே." அவள் நிதானமாக, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "'ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. எதிரே ஒருவன் மூட்டையோடு நிற்கிறான். உள்ளே போகவில்லை.' அவ்வளவுதான்."

அது அவள் பேசுகிற தமிழ் அல்ல. நாடகத் தமிழ்.

மறுநாள் அலுவலகத்தில், கடைசி வாரம் அடிபட்ட வசனம் என்ன என்று கல்யாணராமனிடம் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. அவன் சொன்னான். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

நான் சாரதா அக்காவைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தான்.

"நடிகர் முணுமுணுத்திருப்பாரோ?" என்றேன்.

"நான் ஸ்டூடியோவுலதான் இருந்தேன். அவர் வாயைத் திறக்கவே இல்ல. தண்ணி குடிச்சிண்டிருந்தார்."

"அந்த வசனம் உனக்கு எப்படித் தோணித்து?"

"தோணல. பாத்ததை எழுதினேன். குடை நனைஞ்சுதே, அன்னிக்கு. ஒங்க தெருவுல ஒரே ஒரு ஆத்துல மட்டும் ஜன்னல்ல வெளிச்சம். எதிர்த்தாப்ல ஒருத்தன் சாக்கு மூட்டையோட நின்னுண்டிருந்தான். மொட்டைத் தலை. மழையில அப்படியே நின்னுண்டு அந்த வெளிச்சத்தையே பாத்துண்டிருந்தான்."

"மாசி மாசத்துல எங்க தெருவுல எந்த வீட்டிலும் வெளிச்சம் கிடையாதுடா. இருட்டடிப்புச் சட்டம். வார்டன் விடமாட்டார்."

"எரிஞ்சுது" என்றான். "மஞ்சளா."

"வேற ஏதாவது நடந்துதா?"

"இல்ல" என்றான். அதைச் சற்றுத் தாமதமாகச் சொன்னான்.

அப்படியொரு வசனம் நாடகத்தில் இருந்தது உண்மை என்று சாரதா அக்காவிடம் சொன்னேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. என்னிடம் விளக்கம் இல்லை. அவளும் கேட்கவில்லை. அண்ணனைத் தனியாகவே ஊருக்கு அனுப்பிவிட்டாள்.

ஒரே ஒரு ஜன்னல்

சித்திரையில் ஊர் காலியானது. ஒரு நகரம் காலியாவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், முதலில் சத்தம் போகிறது. பால்காரன் மணி, சைக்கிள் மணி, குழாயடிச் சண்டை, எல்லாம். பிறகு வாசனை போகிறது. பகல் நேரத்தில் ஒரு தெரு முழுக்க நடந்தாலும் தாளிக்கிற மணம் வராது. பூட்டிய வீடுகளின் வாசலில் வேப்பஞ்சருகு குவிந்து கிடந்தது.

ஒலிபெருக்கியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. மாலையில் பனகல் பார்க்கில் காலி பெஞ்சுகளுக்கு யாரோ ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருப்பார். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

கல்யாணராமனும் குடும்பத்தோடு கோயம்புத்தூரில் மாமனார் வீட்டுக்குப் போனான். கிளம்புகிற அன்று குடையை அலுவலகச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினான்.

"எடுத்துண்டு போகலையா?"

"இது எனக்கு வேண்டாம்" என்றான்.

சாரதா அக்கா தன் ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைக் கிழித்தெறிந்தாள். விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் பல்பைப் போடுவாள். இருண்ட தெருவில் அந்தச் சதுரம் மட்டும் மஞ்சளாக இருக்கும்.

இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டன் காதர் பாய்க்கு ராயப்பேட்டையில் வீடு, எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை. தினம் மாலையில் விசில் ஊதிக்கொண்டு வருவார்.

"இன்னாம்மா இது, இன்னிக்கும் விளக்கு எரியுது? நா கேஸ் எய்தணுமா?"

"எழுதுங்க பாய்."

"ஜப்பான்காரன் வந்தா ஒன் வூட்டப் பாத்துக்கினுதாம்மா வருவான்!"

"எவனாவது ஒருத்தன் வந்தா சரி பாய்."

அவர் விசில் ஊதுவார். அவள் விளக்கை அணைப்பாள். அவர் தெருமுனை திரும்புவார், அவள் போடுவாள். ஆடி வாக்கில் அவர் எங்கள் தெருவுக்கு வரும்போது மட்டும் விசிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு தெருவுக்கே வருவதில்லை. ஜப்பான்காரனும் வரவில்லை.

ஐப்பசி

மழை பிடித்துக்கொண்டது. பாதிப் பேர் ஊர் திரும்பியிருந்தார்கள். இருட்டடிப்பு மட்டும் நீடித்தது. ஒருநாள் காலை எதிர்வீட்டில் கதவு திறந்திருந்தது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

சுவரில் சாய்ந்து ஒருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கைகள் எலும்பாக இருந்தன. தலையை மழித்திருந்தார்கள். அஸ்ஸாமில் ஒரு முகாம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு மாதக்கணக்கில் கிடந்ததாகப் பிறகு சொன்னார். மூலையில் ஒரு சாக்கு மூட்டை, அதைச் சுற்றித் தரை ஈரம்.

சாரதா அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "வாங்க தம்பி. வந்துட்டாரு" என்றாள்.

நடேசன் மெல்லப் பேசினார். "நேத்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துட்டேங்க. தெருவே இருட்டு. யாரும் இல்லைன்னு திரும்பிடலாம்னு பார்த்தேன். அப்பதான் இந்த வெளிச்சம் தெரிஞ்சுது."

"உடனே வந்துட்டீங்களா?"

அவர் தலையசைத்தார். "இல்லைங்க. எதிரே உங்க வீட்டுச் சுவரோரமா நின்னுட்டேன். உள்ள வேற யாராச்சும் குடியிருந்தா? வழியில எத்தனையோ பேர் அப்படித் திரும்பினதைப் பார்த்திருக்கேன். கதவைத் தட்டறதுக்குப் பயமா இருந்துது. நிக்கறதே மேல்னு தோணுச்சு. திரும்பி ஸ்டேஷனுக்கே போயிடலாம்னு மூட்டையைக்கூட தூக்கிட்டேன்."

கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒருத்தர் வந்தாரு. கோட்டு, வேட்டி, குடை. என்னையும் பார்த்தாரு, விளக்கையும் பார்த்தாரு. 'போங்கோ, காத்துண்டிருக்கா'ன்னாரு. நான் யாருன்னுகூட கேக்கல. அதுக்கப்புறம்தான் கதவைத் தட்டினேன். திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். உங்க தெருவாருங்களா? கறுப்புக் குடை. அதுல பழுப்புத் துணி ஒட்டு போட்டிருந்துது."

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆணி

நேராக அலுவலகம் போனேன். காலையில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். குடை அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்புக்கு மடிப்பு சிலந்தி வலை. விரித்துப் பார்த்தேன். தூசி கொட்டியது. துணி சருகுபோல உலர்ந்திருந்தது.

கல்யாணராமன் தை பிறந்த பிறகுதான் சென்னை திரும்பினான். இடையில் ஒருநாள்கூட அவன் கோயம்புத்தூரைவிட்டு நகரவில்லை. அவன் மாமனார் வீட்டாரிடம், வேறு பேச்சுக்கு நடுவே, விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவன் வந்ததும், நடேசனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுமுன் கேட்டேன். எங்கள் தொழிலில் அது பாலபாடம். முதலில் கேள், பிறகு சொல்.

"குடை நனைஞ்ச அன்னிக்கு அந்த மொட்டைத் தலை ஆள்கிட்ட ஏதாவது பேசினியா?"

சுவரில் தொங்கிய குடையைத் திரும்பிப் பார்த்தான்.

"'போங்கோ, காத்துண்டிருக்கா'ன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல. உள்ள யார் இருக்கான்னே எனக்குத் தெரியாது. சொன்னா நீ சிரிப்பேன்னுதான் அப்ப சொல்லல."

அப்புறம்தான் நடந்ததைச் சொன்னேன். அவன் எழுந்துபோய் அந்தக் குடையை ஆணியிலிருந்து எடுத்து, வாசலில் கடலை விற்கிறவனிடம் கொடுத்துவிட்டு வந்தான். அதன்பிறகு மழையில்கூட அவன் குடை பிடித்து நான் பார்க்கவில்லை.

நானும் பல வருஷம் இந்தக் கதையில் ஓட்டை தேடினேன். நடேசன் பார்த்தது வேறு யாரோ ஒருவராக இருக்கலாம். ஒட்டுப் போட்ட குடை ஊரில் ஒன்றுதானா? மாசியில் எங்கள் தெருவில் மட்டும் ஒரு தூறல் விழுந்திருக்கலாம். பழைய தாள்களைப் புரட்டிச் சரிபார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. யுத்தம் முடியும்வரை வானிலைச் செய்தி அச்சிடத் தடை. மாசியின் வெயிலும் ஐப்பசியின் மழையும் எங்கள் தாளில் இல்லை. இரண்டையும் விலக்கிப் பக்கம் அமைத்தவர்களில் நானும் ஒருவன்.

சாரதா அக்காவும் நடேசனும் அதே வீட்டில் நெடுங்காலம் இருந்தார்கள். யுத்தம் முடிந்து, எல்லா ஜன்னல்களிலும் வெளிச்சம் வந்த பிறகும், விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் முதலில் எரிவது அவர்கள் வீட்டு விளக்குதான்.

போன வாரத் தொடரில் கதாநாயகன் நீல வெளிச்சத்துக்குள்ளிருந்து வெளியே வந்தான். சட்டை மடிப்புக் கலையவில்லை. "இதெல்லாம் நடக்காது மாமா" என்றாள் மருமகள்.

நாற்காலிக்கு அடியில் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஐப்பசியில் பெய்யப்போகிற மழையில் மாசி மாதமே கால் வைத்தவன் நான். அது சில்லென்று இருந்தது.